கிட்டே வந்தால் அணையும்

சம்மட்டியை அடக்க ஆளே இல்லை என்று எங்கள் யார்டில் சொல்வார்கள். அடக்கிப் பார்க்க ஒருத்தனும் முயன்றதில்லை என்பதுதான் நிஜம். நான் எடைமேடைக் கூண்டில் உட்கார்ந்திருப்பவள். லாரி மேடையில் ஏறி நின்றால் எண்ணைப் பார்த்துச் சீட்டு கிழித்துக் கொடுப்பது என் வேலை. கூண்டுக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. யார் யாரை அடித்தார்கள், யார் வாங்கிக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் நான் கேட்காமலே கண்ணில் வந்து விழும். வீட்டுக்குப் போனாலும் விடாது. சம்மட்டியின் குடும்பமும் நானும் ஒரே கட்டடத்தில் ஆளுக்குப் பாதியாகக் குடியிருக்கிறோம். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் தட்டு பறந்தால் இந்தப் பக்கம் என் பூனை எழுந்து உட்கார்ந்துவிடும்.

பழைய வண்டிகளை உடைக்கிற யார்டு அது. ஓடி ஓய்ந்த பஸ், மோதி நசுங்கின கார், தீப்பிடித்துக் கருகின லாரி எல்லாம் அங்கேதான் வந்து சேரும். கண்ணாடியைக் கழற்றி, இருக்கைகளைப் பிடுங்கி, இன்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கி, மிச்சம் நிற்கிற கூட்டை கேஸ் வைத்து வெட்டுவார்கள். துருவேறி இறுகிப்போய் எதற்கும் மசியாத இடம் என்று ஒன்று எல்லா வண்டியிலும் இருக்கும். அங்கே அவனைக் கூப்பிடுவார்கள். அவன் வந்து கால் அகட்டி நின்று சம்மட்டியை ஓங்கி இறக்கினால், கூண்டில் என் டீ கிளாஸ் அதிரும். அவனுக்கு அந்தப் பேர் அப்படித்தான் வந்தது. அம்மா அப்பா வைத்த பேர் அவனுக்கே மறந்திருக்கும்.

வேலையில் அடிக்கிற கை வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. அவன் பெண்டாட்டி தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பழைய ஒயர்களின் மேல்தோலை வளைந்த கத்தியால் சீவித் தாமிரக் கம்பியைத் தனியாக எடுப்பவள். யார்டில் அவளை 'கம்பி' என்பார்கள். சீவும்போது தலை குனிந்தே இருப்பதால் முகத்தில் இருக்கிற வீக்கம் வெளியே தெரியாது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. ஊருக்கே தெரியும். எங்களுக்கும் தெரியும். தெரிந்து என்ன கிழித்தோம்.

அவன் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் எப்போதும் ஒரு காந்தம் தொங்கும். கட்டைவிரல் நீளத்தில், பிறை மாதிரி வளைந்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை உடைத்தபோது உள்ளே வட்டு சுழலுகிற பெட்டியிலிருந்து நெம்பி எடுத்தான். பொல்லாத காந்தம் அது. வண்டிக் கதவில் ஒட்டினால் நகம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். எங்கள் தொழிலுக்கு வேதமே ஒரே வரிதான்: ஒட்டினா இரும்பு, ஒட்டலைன்னா சரக்கு. ஒட்டாதது என்றால் அலுமினியம், பித்தளை, தாமிரம், விலை போகிற சாமான். யார்டில் எல்லோரும் பாக்கெட்டில் ஒரு காந்தம் வைத்திருப்பார்கள். இவன் மட்டும் குளிக்கும்போதும் படுக்கும்போதும் கழற்றமாட்டான். வீட்டுக்கு வந்த விருந்தாளியின் கைக்கடிகாரத்திலேயே வைத்துப் பார்த்தவன்.

அவர்களுக்கு ஒரே பெண். பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கட்டடம் வரைகிற படிப்புக்குப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்தபோது சம்மட்டி யார்டு முழுக்க டீ வாங்கிக் கொடுத்தான். "என் பொண்ணு கட்டப் போறா, நான் உடைக்கப் போறேன்" என்று பார்க்கிறவனிடமெல்லாம் சொன்னான். பாசம் இல்லாதவன் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவனுக்குப் பாசமும் கை வழியாகத்தான் வரும், கோபமும் கை வழியாகத்தான் வரும். எது எப்போது வரும் என்பது அவனுக்கே தெரியாது.

படிக்க வருகிறவர்கள் சொந்தக் கம்ப்யூட்டர் கொண்டுவர வேண்டும் என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள். கடைக்குப் போகிற அன்று கம்பி என் கதவைத் தட்டினாள்.

"அக்கா, நீங்களும் வாங்க. நீங்க பக்கத்துல இருந்தா அவர் கை கொஞ்சம் அடங்கும்."

"என்னைக்கு அடங்கியிருக்கு?"

"சும்மா ஒரு தைரியத்துக்கு."

போனேன். பின்தெருவில் வரிசையாகப் பழுது பார்க்கிற கடைகள். அதில் ஒன்று 'திருப்புளி' என்று எல்லோரும் கூப்பிடுகிறவனின் கடை. பழைய கம்ப்யூட்டரை வாங்கிச் சரிசெய்து விற்பவன். ஒடிசலான ஆள், காதில் பென்சில் செருகுகிற மாதிரி திருப்புளியைச் செருகிக்கொண்டிருப்பான். கண்ணாடி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணுக்கே தெரியாத திருகாணிகளை இரண்டு விரலால் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணே. எந்த மாதிரி பார்க்குறீங்க?"

"நல்லதா எடு."

பாப்பா முன்னால் வந்தாள். "வரையுற சாஃப்ட்வேர் திணறாம ஓடணும்ண்ணே. மெமரி நிறைய வேணும். நாள் பூரா தூக்கிக்கிட்டு நடக்கணும், அதனால லேசா இருக்கணும்."

அவள் மாதக் கணக்கில் படித்துத் தெரிந்து வைத்திருந்தாள். திருப்புளி இரண்டு லேப்டாப் மெஷின்களை எடுத்து வைத்தான். ஒன்று கறுப்பு, தடிமன், வயிறு உப்பினது. இன்னொன்று வெள்ளி நிறத்தில் மெல்லிசு. சம்மட்டி கறுப்பை ஒரு உள்ளங்கையிலும் மெல்லிசை இன்னொரு உள்ளங்கையிலும் ஏந்தி, கண்ணை மூடி எடை பார்த்தான். அப்புறம் கறுப்பை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டான்.

"இது. கனம் இருக்கு பாரு. கனம் இருந்தாத்தான் உள்ள ஏதாச்சும் இருக்கும்."

"அண்ணே, அது பழைய ரகம். அந்தக் கனமெல்லாம் பேட்டரியும் பிளாஸ்டிக்கும். ஓட்டம் இதுலதான்."

"லேசா இருக்குறது லேசா உடையும்டா. நான் உடைக்குறவன், எனக்குத் தெரியாதா?"

"தேங்காயாப்பா வாங்க வந்தோம், தட்டிப் பார்க்க?" என்றாள் பாப்பா, சிரித்துக்கொண்டே.

அவள் வாயை மூடுவதற்குள் கன்னத்தில் விழுந்தது. கண்ணாடி மேஜையில் இருந்த ஆணிகள் துள்ளின. பாப்பா தடுமாறி என் தோளில் சாய்ந்தாள். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டு நடந்தார்கள்.

"அண்ணே, கடைக்குள்ள வேணாம்" என்றான் திருப்புளி.

"என் பொண்ணு. நான் அடிப்பேன், நான் கொஞ்சுவேன். நீ மெஷினைக் காட்டு."

"படிக்கப் போறது அவ" என்றாள் கம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு. "தூக்கிக்கிட்டு நடக்கப் போறதும் அவதான்."

பாப்பாவின் கன்னத்தில் நாலு விரலும் எழும்பி நின்றன. அழவில்லை. கையை நீட்டி மெல்லிசு மெஷின் மேல் வைத்தாள். "எனக்கு இதுதான் வேணும்." அப்பன் ரத்தம் எங்கே போகும்? அவன் அவளை முறைத்தான். அவள் கையை எடுக்கவில்லை. கடைசியில் அவன் கழுத்துக் காந்தத்தை எடுத்து, மூடியிருந்த மெஷினின் மேல் பதமாக வைத்துப் பார்த்தான். ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அலுமினியம். அசல் சரக்கு" என்றான்.

இப்படியாக, அடியும் வாங்கி மெஷினும் வாங்கிக்கொண்டு வீடு வந்தாள்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை அடிக்கிற நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது பாதிதான் கேட்கும். மிச்சத்தைப் பூனையின் காது அசைவதைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். முதலில் நல்லபடியாகத்தான் போனது. அவன் குளித்து, சோறும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு, பாப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான் போலிருக்கிறது.

"காட்டு பாப்பா. என்ன வரைஞ்சே?"

"நம்ம வீடுதான்ப்பா. நடுச்சுவரு இருக்குல்ல, அதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். ஜன்னல் வச்சா காத்து வரும்."

"எங்க, பார்க்கலாம்."

அவன் கிட்டே குனிந்தான் போலிருக்கிறது.

"என்ன, அணைஞ்சு போச்சு?"

"தெரியலப்பா. இரு. இந்தா வந்துடுச்சு."

"ம்... மறுபடி அணையுது பாரு."

"நான் தனியா இருந்தப்ப நல்லாத்தானே ஓடுச்சு. நீ கிட்ட வந்தாத்தான்..."

"அப்ப நான் பொய் சொல்றேனா? நான் வந்தா அணையுமா, நான் என்ன பேயா?"

கம்பிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எத்தனை வருஷம் பூட்டி வைத்த வாயோ, அன்றைக்குப் பார்த்துத் திறந்துகொண்டது. "அதுவும் நம்ம வீட்டு மெஷின்தானே. உங்களைப் பார்த்தா எங்களுக்கு ஆகுறது அதுக்கும் ஆகுது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கக்கூட செய்தாள்.

பூனை எழுந்து உட்கார்ந்தது. நான் செருப்பைக்கூட மாட்டாமல் மழையில் ஓடிப் போய் அவர்கள் கதவைத் தள்ளினேன். கம்பி அடுப்பு மேடைக்குக் கீழே கிடந்தாள். மேல் உதடு இரண்டாகப் பிளந்து, பல் தெரிந்தது. பாப்பா அவள் மேல் குப்புறப் படுத்து மறைத்துக்கொண்டிருந்தாள். அவன் பாப்பாவின் முதுகில் மிதித்துக்கொண்டிருந்தான். நான் நடுவில் விழுந்தேன். எனக்கும் விலாவில் ஒன்று விழுந்தது. அடிக்கிறவனுக்கு முன்னால் யார் இருக்கிறார்கள் என்று கணக்கு உண்டா?

கொஞ்ச நேரத்தில் அவன் தானாக ஓய்ந்தான். மூச்சு வாங்க, மெஷினைக் கையில் எடுத்து என்னிடம் நீட்டினான்.

"அந்தக் கடைக்காரன் ஏமாத்திட்டான் அக்கா. படிக்கிற புள்ளை விஷயத்துல ஏமாத்திட்டான்" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அதைப் பார்த்து ஆத்திரம்தான் வந்தது. உதடு கிழிந்தவள் அழவில்லை, கிழித்தவன் அழுகிறான்.

மறுநாள் காலையில் பாப்பா என் கூண்டுக்கு ஓடி வந்தாள். "அத்தை, அப்பா மெஷினை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போறார்." மேடையில் நின்ற லாரிக்காரனை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு, கூண்டைப் பூட்டிக்கொண்டு அவளோடு ஓடினேன்.

நாங்கள் போனபோது கடையில் சத்தமே இல்லை. திருப்புளி மெஷினைக் கண்ணாடி மேஜையில் விரித்து வைத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சம்மட்டி கையைக் கட்டிக்கொண்டு வாசல் ஓரமாக நின்றான்.

"ஒரு குறையும் இல்ல அண்ணே. இவ்வளவு நேரமா ஓடுது, பாருங்க."

சம்மட்டி வந்து மேஜை மேல் குனிந்தான். திரை இருண்டது. நிமிர்ந்தான். திருப்புளி ஒரு பொத்தானை அழுத்த வெளிச்சம் வந்தது. அவன் மறுபடி குனிந்தான். மறுபடி இருண்டது.

"இப்ப என்ன சொல்றே?"

திருப்புளிக்குப் பயம் இல்லை. ஆர்வம்தான் வந்தது. அவன் கண் இடுங்கியது. காதிலிருந்து திருப்புளியை எடுத்துக் கீழே வைத்தான். "ஒரு நிமிஷம் அண்ணே. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான்.

அவன் மேல் தப்பே இல்லை. ஆனால் சம்மட்டியிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது ஒன்றுதான். துருவும் கிரீஸும் படிந்த உடம்போடு எங்கே போனாலும் அவனை முதலில் தள்ளி நில்லு என்றுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். பஸ்ஸில் சொல்வார்கள். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனபோது கேட்டில் இருந்தவன் சொன்னதை அவன் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"என்னையா தள்ளி நிக்கச் சொல்றே?"

இடது கையால் திருப்புளியின் வலது மணிக்கட்டைப் பிடித்து மேஜையில் அழுத்தினான். பக்கத்தில் அந்தக் கறுப்பு மெஷின் இருந்தது, அவன் ஆசைப்பட்ட அந்தக் கனமான மெஷின். அதை ஒற்றைக் கையால் தூக்கி, வண்டி இரும்பை அடிக்கிற மாதிரியே ஓங்கி விரல்கள் மேல் இறக்கினான். முதல் அடியில் விரல் நொறுங்குகிற சத்தம் கேட்டது. இரண்டாவது அடியில் மேஜைக் கண்ணாடி உடைந்து கையோடு உள்ளே போனது. திருப்புளி கத்தவில்லை. வாயைத் திறந்தபடி தன் கையையே பார்த்தான். பாப்பாதான் கத்தினாள். கத்திக்கொண்டே கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவிலிருந்து தன் மெஷினை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

தெருக் கடைக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற கம்பி, ஸ்டூல், குழாய், கையில் கிடைத்ததெல்லாம் கொண்டுவந்தார்கள். அன்றுவரை அவன் அடித்துத்தான் பார்த்திருக்கிறேன், வாங்கிப் பார்த்ததில்லை. கடையின் இரும்பு ஷட்டரோடு சேர்த்து வைத்து அடித்தார்கள். சட்டைக் காலரையும் கழுத்துக் கயிற்றையும் ஒன்றாகப் பிடித்து ஒருத்தன் இழுக்க, கயிறு கழுத்தை அறுத்துக்கொண்டு அறுந்தது. அவன் மண்டி போட்ட பிறகும் விடவில்லை. எனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. திருப்தியாக இருந்ததா என்று கேட்டால், அதுவும் இல்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மேஜை மேல் மெஷின். ஒரு பக்கம் ரத்தம் வழிகிற மூக்கோடு சம்மட்டி. இன்னொரு பக்கம் கம்பி, உதட்டில் ராத்திரி போட்ட தையலோடு. திருப்புளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"ஏமாத்திட்டான் ஐயா. கெட்டுப்போன மெஷினைத் தலையில கட்டிட்டான். கிட்டப் போனா அணைஞ்சிடுது ஐயா."

"அப்படியா? போய்க் காட்டு."

அவன் குனிந்தான். திரை எரிந்துகொண்டே இருந்தது. இன்னும் குனிந்தான். பாப்பா வரைந்த எங்கள் வீடு, தள்ளிப்போட்ட சுவரோடும் புது ஜன்னலோடும், பளிச்சென்று தெரிந்தது. அவன் முகத்தைத் திரையோடு ஒட்டுகிற அளவு கொண்டுபோனான். மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எழுத்துப் பொத்தான் மேல் விழுந்தது. திரை அணையவில்லை. ஓரத்தில் நின்ற போலீஸ்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"நேத்து அணைஞ்சுச்சு ஐயா. காலையில அணைஞ்சுச்சு. சத்தியமா."

நான் பாப்பாவைப் பார்த்தேன். அவள் மெஷினைப் பார்க்கவில்லை. அப்பாவின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு அறுத்த இடம் சிவப்புக் கோடாக இருந்தது, கயிறு இல்லை. அவள் முகத்தில் என்னவோ வந்து போனது. எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை.

"நீ சொல்லும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "உன் மெஷின்தானே? கெட்டுப்போனதா?"

"பாப்பா, நீ பார்த்தே இல்ல" என்றான் சம்மட்டி. "ஒரு வார்த்தை சொல்லு பாப்பா."

அவள் அம்மாவின் உதட்டுத் தையலைப் பார்த்தாள். அப்புறம் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"நல்ல மெஷின்தான் சார்."

அவனை உள்ளே போட்டார்கள்.

அதற்கப்புறம் சில நாட்கள் அந்த வீட்டில் சத்தமே இல்லை. முதல் நாள் கம்பி மகளைத் திட்டினாள். "என்ன இருந்தாலும் பெத்த அப்பன். விட்டுக்கொடுத்துட்டியேடி." பாப்பா அவளுக்குப் பாயை விரித்துப் போட்டாள். அன்று இரவு படுத்த கம்பி, மறுநாள் வெயில் ஏறின பிறகும் எழுந்திருக்கவில்லை. ஓடிப் போய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். தூங்குகிறாள். வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுக்கொண்டு. பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். "எழுப்பாதீங்க அத்தை" என்றாள். கம்பி அடுத்த நாளும் தூங்கினாள். தையல் போட்ட வாயால் கஞ்சி மாதிரி கரைத்துக் குடித்துவிட்டு, மறுபடி தூங்கினாள். என் பூனைகூட இடம் மாறிப் படுத்தது.

படிக்கிற ஊருக்குக் கிளம்ப நாள் நெருங்கியபோது பாப்பா என்னைக் கூட்டிக்கொண்டு திருப்புளியின் கடைக்குப் போனாள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே அவன் கைக் கட்டோடு சும்மா உட்கார்ந்திருந்தான். பாப்பா நேராக அவனிடம் போகவில்லை. ஷட்டரின் அடிப்பக்கம் குனிந்து தடவிக்கொண்டே போனாள். ஒரு மூலையில், அறுந்த கறுப்புக் கயிறு வால் மாதிரி தொங்க, அந்தக் காந்தம் ஒட்டிக்கொண்டிருந்தது. நகம் கொடுத்து எடுத்தாள். பையிலிருந்து மெஷினை எடுத்துத் திறந்து, எழுத்துப் பொத்தான்களுக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனாள். திரை இருண்டது. எடுத்தாள், பொத்தானைத் தொட்டாள், வெளிச்சம் வந்தது.

திருப்புளி இடது கையால் காந்தத்தை வாங்கி, அதே மாதிரி ஒரு தரம் வைத்து எடுத்துப் பார்த்தான்.

"மூடியை மூடினா மெஷின் தூங்கணும்ல" என்றான் என்னிடம், எனக்குப் புரியாது என்று தெரிந்து. "அதுக்கு மூடிக்குள்ள ஒரு பொடிக் காந்தம் வச்சிருப்பாங்க. வெளியேயிருந்து இன்னொரு காந்தம் கிட்ட வந்தா, மூடிட்டாங்கன்னு அது நினைச்சுக்கும். அவ்வளவுதான். இதைத்தான் பார்க்கப் போனேன். ஒரு நிமிஷம்தான் கேட்டேன்."

"கை எப்படிண்ணே இருக்கு?" என்றாள் பாப்பா.

"கட்டைவிரல் வரும்னு சொல்றாங்க. பக்கத்து ரெண்டும் வராதாம். ஆணி பிடிக்குறது அந்த ரெண்டாலதான்."

அவள் மெஷினை மூடிப் பைக்குள் வைத்தாள். கடைசியில் அவனே சொன்னான். "நான் கேஸை விட்டுடுறேன். உங்கப்பனுக்காக இல்ல. நீ படிக்கப் போற இடத்துக்குப் பின்னாலயே ஸ்டேஷனும் கோர்ட்டும் வரக் கூடாது. ஆனா அந்த ஆள் இந்தத் தெருவுல கால் வைக்கக் கூடாது."

அவள் கிளம்புகிற அன்று மத்தியானம் சம்மட்டி வீட்டுக்கு வந்தான். முகத்தின் வீக்கம் வடிந்து பச்சையாக இருந்தது. நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். கம்பி கட்டி வைத்த பை வாசலில் இருந்தது. பாப்பா மெஷினை மடியில் வைத்து எதையோ முடித்துக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே வந்தவன் பாதியில் நின்றான். கிட்டே வர அவனுக்குப் பயம். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் ஒவ்வொரு அடியாக வந்து, மெதுவாகக் குனிந்தான்.

"அணையலையே பாப்பா" என்றான். "ஏன் அணையல?"

பாப்பா பையின் பக்கவாட்டிலிருந்து காந்தத்தை எடுத்து மெஷின் மேல் வைத்தாள். திரை இருண்டது. எடுத்தாள். வைத்தாள். அவன் கை தானாகக் கழுத்துக்குப் போய்த் தடவிப் பார்த்தது.

"இதுவா?"

"இதுதான்."

"ஸ்டேஷன்லயே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அங்கேயே சொல்லியிருந்தா, தெரியாம பண்ணிட்டான்னு விட்டிருப்பாங்களே பாப்பா. ஏன் சொல்லல?"

"அம்மா தூங்கி எத்தனை வருஷம் ஆச்சு. நீ வர்ற வரைக்கும் தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

அவன் கை ஓங்கியது. யோசித்து ஓங்கவில்லை. அதற்கு வேறு வேலை தெரியாது. கம்பி நடுவில் வந்து நின்றாள். ஒயர் சீவுகிற வளைந்த கத்தி அவள் கையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது.

"அடிச்சுப் பாரு" என்றாள். அத்தனை வருஷத்தில் அவனை அவள் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. "இவ பஸ் ஏறட்டும். அப்புறம் நீயாச்சு நானாச்சு."

ஓங்கின கை அப்படியே நின்றது. அப்புறம் இறங்கி, மெஷின் மேல் இருந்த காந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனது.

நான் கூண்டுக்குத் திரும்பி உட்கார்ந்தேன். யார்டின் நடுவில் அடித்து நிமிர்த்துவதற்குத் தண்டவாளத் துண்டு ஒன்று கிடக்கும். அவன் காந்தத்தை அதன்மேல் வைத்துவிட்டு, சம்மட்டியை எடுத்து, கால் அகட்டி நின்று, பஸ்ஸை உடைக்கிற பலத்தோடு இறக்கினான். டீ கிளாஸ் அதிர்ந்தது. காந்தம் சுக்குநூறாகிவிட்டது. ஆனால் போய்த் தொலையவில்லை. சில்லு சில்லாகக் கையிலிருந்த சம்மட்டியின் இரும்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டது. அவன் உதறினான். விழவில்லை. மறுபடி அடித்தான். பொடியாகி இன்னும் பரவலாக ஒட்டியது. கையால் துடைத்தான், கை கிழிந்ததுதான் மிச்சம்.

கம்பியும் பாப்பாவும் பையைத் தூக்கிக்கொண்டு எடைமேடை வழியாக நடந்து வந்தார்கள். மெஷின் பாப்பாவின் முதுகில் இருந்தது. என் எண் பலகை துளிகூட அசையவில்லை. லாரி நிறுக்கிற மேடைக்கு மனுஷ கனமெல்லாம் தெரியாது. பாப்பா கண்ணாடியில் விரலால் தட்டி, "வரேன் அத்தை" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் திரும்பி யார்டுக்குள் பார்த்தாள். கூப்பிடுவாள் என்று நினைத்தேன், கூப்பிடவில்லை.

கேட்டுக்கு வெளியே பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவன் தரையில் உட்கார்ந்து, சம்மட்டியை மடியில் குறுக்கே போட்டுக்கொண்டு, நகத்தால் ஒவ்வொரு சில்லாக நோண்டிக்கொண்டிருந்தான். ஒன்றை எடுத்துக் கீழே போடுவான், அது பக்கத்தில் இருக்கிற இரும்பில் போய் ஒட்டிக்கொள்ளும். பஸ் கிளம்பிப் போன பிறகும் நோண்டிக்கொண்டுதான் இருந்தான்.